வீட்டுக் கோழிக்கூண்டு: கட்டுவதிலிருந்து முதல் முட்டை வரை

கோழி வளர்க்க ஆசைப்படுகிற பலர் முதலில் குஞ்சுகளை வாங்கி அட்டைப்பெட்டியில் விட்டுவிட்டு, அப்புறம்தான் கூண்டைப் பற்றி யோசிக்கிறார்கள். சில வாரங்களிலேயே குஞ்சுகள் பெட்டிக்குள் அடங்காது. அவசரத்தில் அடித்த கூண்டில் ஏதாவது ஒரு சந்து இருக்கும், அது கீரியின் கண்ணுக்குத் தப்பாது. அதனால் கூண்டை முழுதாகக் கட்டி முடியுங்கள், ஒரு மழைக்கு ஒழுகுகிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு கோழி வாங்குங்கள்.

பகலில் கோழி தன்னை ஓரளவு பார்த்துக்கொள்ளும். இருட்டிவிட்டால் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. கூண்டு கட்டுவதே அந்த இரவுக்காகத்தான். வலை, தாழ்ப்பாள், காற்றோட்டம், காய்ந்த தரை ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். பெயின்ட், ஓடு, அலங்காரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை கோழி, எவ்வளவு இடம்

உங்கள் பகுதியில் வீட்டில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சேவலுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் தேவை.

கோழி கூட்டமாக வாழ்கிற பறவை. தனியாக ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், குறைந்தது மூன்று வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஐந்து சரியான எண்ணிக்கை. ஒரு கோழிக்குக் கூண்டுக்குள் 4 சதுர அடி, வெளியே மேயும் வலையடைப்பில் 10 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். ஐந்து கோழிக்கு 5 அடி நீளம், 4 அடி அகலத்தில் கூண்டும், 10 அடிக்கு 5 அடி அடைப்பும் போதும். இடம் நெருங்கினால் ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பிக்கும். ரத்தம் வந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தும் என்பதால், இந்த அளவைக் குறைக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியாகப் பாருங்கள். வெயில் கடுமையான ஊர்களில் கூண்டின் நீளவாக்குப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை, மாலை வெயில் நேராக உள்ளே அடிக்காது. பக்கத்தில் ஒரு மரம் இருந்தால் இன்னும் நல்லது.

சட்டம் அடிப்பது

நான்கு மூலைக்கும் உறுதியான கால்கள் நட்டு, தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் கூண்டின் தளம் வருமாறு அடியுங்கள். தளத்துக்குப் பலகை போதும், மேலே ரெக்சின் விரித்தால் கழுவ எளிது. கூரை ஒரு பக்கம் சரிந்து, சுவரைத் தாண்டி ஓர் அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் குனிந்து உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்கிற அளவுக்குப் பெரிய கதவு வையுங்கள். சுத்தம் செய்யச் சிரமமான கூண்டை யாரும் தவறாமல் சுத்தம் செய்வதில்லை.

வலைதான் கூண்டு

கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலையைத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். பாம்பும் எலியும் கண் வழியாகவே நுழைந்துவிடும். கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். அதைச் சிறு ஆணியால் மட்டும் அடித்து நிறுத்தாமல், வாஷர் போட்டு திருகாணியால் முடுக்குங்கள். ஒரு கையால் வலையைப் பிடித்து பலமாக இழுத்துப் பாருங்கள். எங்காவது தளர்ந்து விலகினால் அங்கே இன்னொரு திருகாணி.

அடுத்தது தரை. தோண்டி நுழைகிற விலங்கு பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அதனால் மேய்ச்சல் அடைப்பைச் சுற்றி வலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதையுங்கள். தோண்டச் சிரமமான மண் என்றால், சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையிலேயே வலையைப் படுக்கப்போட்டு, மேலே மண்ணோ கல்லோ பரப்பிவிடுங்கள். இந்த இரண்டாவது வழியில் வேலை குறைவு, பலன் ஏறக்குறைய அதேதான். அடைப்பின் மேல்பக்கத்தையும் மூடுங்கள். பருந்தும் பூனையும் அந்த வழியாகத்தான் வரும்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. தாழ்ப்பாள் போட்டு, அது நகராதபடி ஒரு கொண்டியும் மாட்டுங்கள்.

காற்று, ஈரம்

குளிர் காலத்தில் கோழிக்குக் குளிருமே என்று கூண்டைச் சாக்குப்போட்டு இறுக மூடுகிறவர்கள் உண்டு. பாசத்தால் செய்கிற காரியம்தான், ஆனால் அது கெடுதல். இறகு போர்த்திய கோழி குளிரை நன்றாகவே தாங்கும். மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வருகிற ஈரமும் அமோனியாவும் வெளியேறாமல் நின்றால்தான் மூச்சுக்குழல் நோய் வரும். கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில், 5 அங்குல உயரத்துக்கு நீளமான திறப்பு விட்டு வலை அடியுங்கள். உறங்கும் கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே அது இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று மாறும், கோழி மேல் நேராக வீசாது. வெப்பமான ஊராக இருந்தால் ஒரு சுவர் முழுவதும் வலையாகவே இருக்கட்டும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று நெடி ஏறினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

தளத்தில் 4 அங்குலத்துக்கு உமியோ மரச்சீவலோ பரப்புங்கள். வாரம் இருமுறை கிளறிவிட்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஈரக் கூளத்தில்தான் ரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி பெருகும். தண்ணீர்க் குடுவையைக் கூண்டுக்குள் வைக்காமல் அடைப்பில் வைத்தாலே இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடும்.

கட்டையும் பெட்டியும்

கோழி உறங்க 2 அங்குல அகலமுள்ள கட்டை, முனைகள் மழுங்கச் செதுக்கியது. ஒரு கோழிக்கு 10 அங்குல இடம். முட்டையிட ஓர் அடி நீள, அகல, உயரமுள்ள பெட்டி, நான்கு கோழிக்கு ஒன்று வீதம். ஐந்துக்கு இரண்டு வைத்துவிடுங்கள். உறங்கும் கட்டையைவிடப் பெட்டி தாழ்வாக இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் உறங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி, எச்சமிட்டு முட்டையை நாசமாக்கும். அடைப்பின் ஒரு மூலையில் உலர்ந்த மண்ணும் கொஞ்சம் சாம்பலும் குவித்து வையுங்கள். அதில் புரண்டு இறகுக்குள் இருக்கும் பேனை உதறிக்கொள்ளும்.

குஞ்சா, விடைக்கோழியா

முதல் முறை என்றால் முட்டையிடத் தயாராக இருக்கும் 16 முதல் 18 வார விடைக்கோழிகளை வாங்குங்கள் என்பதே என் யோசனை. முதல் சில நாள்கள் வெளியே விடாமல் புதுக் கூண்டிலேயே அடைத்து வையுங்கள். அதுதான் வீடு என்று பழகிவிட்டால் பிறகு பொழுது சாயும்போது தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

குஞ்சுதான் வேண்டும் என்றால், முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். விளக்கின் அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு. விளக்கைச் சங்கிலியால் கட்டித் தொங்கவிடுங்கள், கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். தரையில் வழவழப்பான செய்தித்தாள் மட்டும் விரித்தால் வழுக்கிக் கால் அகன்றுவிடும். தண்ணீர்த் தட்டில் சிறு கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது.

தீவனம்

குஞ்சுக்கு 20 சதவீதம் அளவில் புரதமுள்ள தீவனம், முட்டையிடும் கோழிக்கு 16 சதவீதம் புரதமும் கூடுதல் கால்சியமும் கொண்ட தீவனம். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள், முட்டைக்கோழித் தீவனத்தில் இருக்கும் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும், அதைப்போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்டது எடுத்துக்கொள்ளும். கோழிக்குப் பல் கிடையாது, விழுங்கிய சிறு கற்களால்தான் வயிற்றில் இரையை அரைக்கிறது. மண்ணில் மேயாத கோழிக்கு அந்தக் கல்லையும் நாம்தான் கொடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்த தானியம் ஒரு பிடிகூட வேண்டாம்.

தினசரிக் கவனிப்பு

காலையில் திறந்துவிடும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கோழி தன் நோயை முடிந்தவரை வெளியே காட்டாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்பது, தீவனத்துக்கு ஓடி வராதது, கொண்டை வெளிறிப்போவது இவைதான் முதல் அறிகுறிகள். எச்சத்தின் மேல் வெள்ளையாக இருப்பது இயல்பு. இடையிடையே பழுப்பாக, பசை போல, நாற்றமடிக்கும் எச்சம் வந்தாலும் பயப்பட வேண்டாம், அதுவும் இயல்புதான். ரத்தம் கலந்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது, தடுப்பூசிதான் ஒரே வழி. கால்நடை மருத்துவரிடம் கேட்டு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கிய கோழியை மூன்று, நான்கு வாரம் தனியாக வைத்த பிறகே சேருங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் சாகத் தொடங்கினால் எதையும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம், உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கோழியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கும் பழக்குங்கள்.

முட்டை

முட்டைக்கென்றே உருவாக்கிய இனங்கள் 18 முதல் 20 வாரத்தில் இடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம் ஆகலாம். முதல் முட்டைகள் சிறிதாகவும் சில சமயம் ஓடு மெலிந்தும் இருக்கும். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆவதால், தினமும் ஒன்று தவறாமல் வராது. ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுபோகும், அதற்காகக் கோழியைக் கழித்துவிடாதீர்கள்.

முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் உடையும், கோழி அதைக் கொத்தித் தின்னப் பழகிவிடும். ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அதனால் எடுத்தவுடன் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து வைத்துக்கொண்டு, சமைக்கப்போகும்போது வெதுவெதுப்பான நீரில் கழுவிக்கொள்ளுங்கள்.