உப்பிலிருந்து தொடங்குங்கள்: மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசுகளைப் படிக்கும் வழி

போட்டித் தேர்வுக்கு என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் கானா, மாலி, சொங்காய் என்ற பழைய பேரரசுகள் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ராஜாக்களின் பெயரிலிருந்து தொடங்குவதுதான் காரணம். நாம் வரைபடத்திலிருந்து தொடங்குவோம். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு பென்சிலோடு உட்காருங்கள்.

முதலில் நைஜர் ஆறு. தென்மேற்கு மலையில் பிறந்து, சகாராவின் விளிம்பு வரை ஏறி, திம்புக்டு நகரம் தாண்டி வளைந்து தென்கிழக்கே இறங்கும். வளைத்த வில் மாதிரி வரைந்தால் போதும். தென்மேற்கு மூலையில் பம்புக், பூரே என்று எழுதி, பக்கத்தில் 'தங்கம்' என்று குறியுங்கள். வடக்கே பாலைவனத்தின் நடுவில் தகாசா, அங்கே 'உப்பு'.

தகாசாவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1352-இல் மொராக்கோ பயணி இபின் பதூதா அங்கே போனார். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல். ஒரு மரம்கூட இல்லை. உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். அவர்கள் சாப்பிட்ட பேரீச்சையும் தானியமும் வெளியூரிலிருந்து வந்தவை. இதைச் சொல்லாமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை.

அப்புறம் விலையை எழுதுங்கள். ஒரு சுமை உப்பு, பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலிருந்த வணிக ஊரான வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் தங்கம் (மித்கால் என்பது நாலு கிராமுக்குச் சற்று மேலான தங்க எடை). மாலித் தலைநகரில் 20 முதல் 30, சில சமயம் 40. இந்த இடைவெளியில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுடையதுதான் பேரரசு. கானா மன்னர் கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் ஒரு தினார், வெளியே போனால் இரண்டு தினார் வசூலித்ததாக 1068 வாக்கில் அல்-பக்ரி என்ற அரபுப் புவியியலாளர் எழுதினார்.

சரி, இப்போது பெயர்களைச் சேர்க்கலாம். 1235 வாக்கில் கிரினாப் போரில் சுந்தியாட்டா வென்றார், மாலி எழுந்தது. 1324-இல் மாலி மன்னர் மன்சா மூசா கெய்ரோவில் தங்கத்தை வாரி வழங்கி, அங்கே அதன் விலையையே இறக்கினார். 1468-இல் சொங்காய் மன்னர் சொன்னி அலி திம்புக்டுவைப் பிடித்தார். மேலாதிக்கம் சொங்காய் கைக்கு வந்தது.

வீழ்ச்சிக்கு இரண்டு அம்பு போடுங்கள். ஒன்று தெற்கே கடலுக்கு: 1482-இல் போர்த்துகீசியர் எல்மினாவில் கோட்டை கட்டினார்கள், தங்கத்தில் ஒரு பங்கு கப்பல் ஏறியது. இன்னொன்று வடக்கிலிருந்து: தகாசா உப்புக்கு வரி கேட்ட மொராக்கோ சுல்தானின் படை, 1591-இல் நைஜர் கரையிலுள்ள தொண்டிபியில் துப்பாக்கியோடு நின்றது. சொங்காய் சிதறியது. ஆனால் வந்தவர்களுக்குத் தங்க வயல்கள் கிடைக்கவில்லை.

கடைசியாகத் தகாசாவை அழித்துவிட்டு, அதற்குத் தெற்கே தவுதென்னி என்று எழுதுங்கள். உப்பு வெட்டும் இடம் அங்கே மாறிவிட்டது. இருபதாம் நூற்றாண்டிலும் அங்கிருந்து ஒட்டகங்கள் உப்புப் பாளம் சுமந்து திம்புக்டுவுக்கு வந்துகொண்டிருந்தன.