ஏழு கிலோதானன்னு நினைக்காதீங்க

கங்கைகொண்டான் சிப்காட், பேட்டை பக்கம் ஃபேப்ரிகேஷன்ல கிடக்குற தம்பிமாருக்குத்தான் இது. வெசல்ங்குற பிரஷர் தொட்டி, பைப் லைனு செஞ்சு முடிச்சு, உள்ள பிரஷர் ஏத்தி தாங்குதான்னு பாக்குற பிரஷர் டெஸ்ட் போடுற அன்னைக்குதான் பெரிய அடி படுது, ஏன்னா எந்த வெல்டு சொத்தைன்னு அன்னைக்குதான தெரியும், தெரியுறப்ப நாம பக்கத்துலயே நிக்கோம்.

பெரிய தப்பு ஏர் டெஸ்ட். தாமிரபரணி ஓடுற ஊருல இருந்துகிட்டு தண்ணி புடிக்க சோம்பல்பட்டு கம்ப்ரசர மாட்டி விட்டுருதாவ. தண்ணி அமுங்காது, வெல்டு விட்டா கொஞ்சம் பீச்சும், பிரஷர் பொசுக்குன்னு விழுந்துரும். காத்து அப்டி இல்லவே, அதே பிரஷர்ல நூத்துக்கணக்கான மடங்கு சக்திய உள்ள வச்சிருக்கும், விட்டுச்சுன்னா தகட்டையே தூக்கி எறியும். "ஏழு கிலோதான அண்ணாச்சி"ம்பான். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ, பைப் வாய அடைக்குற தகடு இருக்குல்லா, டம்மி, முப்பது சென்டி அகல டம்மிக்கு கணக்கு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அஞ்சு டன். அதுக்கு நேரா நெஞ்ச காட்டிகிட்டுதான் நாம பிரஷர் காட்டுற கேஜ் பாக்கோம்.

தண்ணி ஊத்துனாலும் மேல காத்து போற வழி, அந்த வென்ட்ட தொறந்து வச்சு குமிழு இல்லாம வழியுற வரைக்கும் பொறுங்க, உள்ள காத்து மாட்டுனா அது பாதி ஏர் டெஸ்ட்தான். வடிக்கும்போதும் வென்ட் தொறந்தே இருக்கட்டும், இல்லன்னா மெல்லிசு டேங்கு டப்பா மாதிரி சப்பிரும்.

கேஜ் விஷயம், பத்து கிலோ டெஸ்டுக்கு இருபது கிலோ கேஜ் சரியா வரும். நூறு கிலோ கேஜ மாட்டுனா முள்ளு அசையுறதே தெரியாது.

கசிஞ்சா பிரஷரோட ஸ்பேனர் போடக்கூடாது, எறக்கிட்டுதான் போல்ட்ட தொடணும். டீக்கு நேரமாச்சுன்னு இதுல அவசரப்படுறவன நான் நெறய பாத்தாச்சு.

பிரஷரோட ஆயில் ஓடுற ஹைட்ராலிக் ஹோஸ்ல எங்க கசியுதுன்னு விரல வச்சு தடவாதீங்க, ஒரு அட்டைய வச்சு பாருங்க. எங்க பட்டறைல ஒருத்தருக்கு ஊசி குத்துன மாதிரி ஒரே ஒரு புள்ளி, ரத்தம்கூட சரியா வரல, மஞ்சள வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. ஆயில் சதைக்குள்ள பூந்துருக்கு, மறுநா கை வீங்கி, கடைசில விரல எடுத்தாச்சு. அப்டி புள்ளி தெரிஞ்சா வலி இல்லன்னாலும் உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு போங்க, போய் "குத்திருச்சு"ன்னு மட்டும் சொல்லாம, பிரஷர்ல ஆயில் உள்ள போயிருக்குன்னு சொல்லுங்க, என்ன ஆயிலுன்னு பேரையும் எழுதி எடுத்துட்டுப் போங்க.