வாசகர் வட்டத் தலைவர் நினைவாக ஒரு மாணவர் பயிற்சி: மலை நூலகங்களில் நடத்தும் முறை

நூலகத்துக்காக ஓடியாடிய வாசகர் வட்டத் தலைவர் மறைந்தால், முதலில் பேச்சு வருவது படத்திறப்பைப் பற்றித்தான். படம் மாட்டுங்கள், தவறில்லை. ஆனால் அவர் போனபிறகு நூலகத்தில் எந்த வேலை நின்றுபோனது என்று நூலகரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்குப் புத்தகப் பெட்டி போவது நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பதும், நூல்களைப் பட்டியலில் பதிவதும், கிழிந்த நூல்களை ஒட்டுவதும் நின்றிருக்கலாம். அந்தப் பட்டியலிலிருந்து இரண்டே இரண்டை எடுத்து, அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு கல்லூரி மாணவருக்கு உதவித்தொகையோடு பயிற்சியாகக் கொடுங்கள். ஐந்தாறு வேலையைத் தலையில் கட்டினால் எதுவும் முடியாது, அவர் பெயரும் நிலைக்காது.

அரசுப் பொது நூலகம் என்றால், அது 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நூலக ஆணைக்குழுவின் கீழ் வருவது. கிளை நூலகர் வாய்மொழியாகச் சம்மதித்தால் போதாது. நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நூலகர் மாறுதலாகிப் போனாலும் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும். பெயரைப் பயன்படுத்தக் குடும்பத்தாரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அவர்களைத் தேர்வுக் குழுவில் சேர்க்காமல் இருப்பது நல்லது. உறவுக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால் எல்லோருக்குமே சங்கடம்.

பணத்தில்தான் பெரும்பாலான நினைவு முயற்சிகள் மூன்றாம் ஆண்டில் படுத்துவிடுகின்றன. ஆண்டுதோறும் வசூல் செய்து நடத்த நினைக்காதீர்கள். ஒருமுறை திரட்டி வைப்பு நிதியில் போடுங்கள். 3 லட்சம் ரூபாய்க்கு 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18,000 கிடைக்கும். அதில் மாணவருக்கு உதவித்தொகை 12,000, பசை, தாள், முகக்கவசம், தேநீர், சான்றிதழுக்கு 3,000. மிச்சம் 3,000 அசலுக்கே திரும்பட்டும். வட்டி 5 சதவீதமாக இறங்கினால் 15,000தான் வரும், ஆனால் அசலுக்குப் போகிற பங்கு மட்டுமே குறையும், மாணவரின் தொகையில் கைவைக்க வேண்டியிருக்காது. வட்டியை ஆண்டுதோறும் கணக்கில் வரவு வைக்கும் வைப்பாகப் போடுங்கள். முதிர்வில் மொத்தமாகத் தரும் வைப்பில் போட்டால் பயிற்சி நடக்கும் மே மாதம் கையில் காசு இருக்காது. வைப்பு, பொறுப்பாளர் ஒருவரின் தனிப்பெயரில் இருக்கவே கூடாது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் முடங்கிவிடும். வட்டத்தின் பெயரிலேயே வைக்க, அதைச் சங்கமாகப் பதிவுசெய்ய 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அது கடினமென்றால் அருகிலுள்ள கல்லூரியில் அறக்கட்டளை நிதியாக வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

காலத்தை மழை பார்த்து வையுங்கள். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. அதனால் அங்கே மே நடுவில் தொடங்கி ஜூன் இறுதிவரை தாராளமாக நடத்தலாம். கல்லூரி திறக்கும் தேதியை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்: மொத்தம் 120 மணி. இதைப் பாடத்திட்டப் பயிற்சியாக ஏற்பார்களா, எத்தனை மணி நேரம் கேட்கிறார்கள் என்று துறைத்தலைவரிடம் ஜனவரியிலேயே விசாரியுங்கள்.

மாணவர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது. சீசன் நேரத்து நெரிசலில் தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர் பாதி நாளை வழியிலேயே விட்டுவிடுவார். கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊர்களில் மாலை நான்கு மணிக்கே அனுப்பிவிடுங்கள். தேர்வுக்கு மதிப்பெண் வேண்டாம். ‘உங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் கொடுப்பீர்கள், ஏன்?’ என்று கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளை யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வேலையை எண்ணிக்கையில் கொடுங்கள். நூல் பதிவும் பழுதும்தான் அந்த இரண்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் சேர்க்கை எண் (நூலகத்தில் சேரும்போது ஒவ்வொரு நூலுக்கும் தரும் எண்), தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்து மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நூல்களைப் பதியலாம். தினம் இரண்டு மணி நேரமென்றால் முப்பது நாளில் அறுநூறு, எழுநூறு நூல். ஐந்து தட்டு அலமாரியில் தட்டுக்கு நாற்பதாக இருநூறு நூல் நிற்கும் என்றால், மூன்று அலமாரிதான் கணக்கு. ‘நூலகம் முழுவதும்’ என்று எழுதாதீர்கள்.

மீதி இரண்டு மணி நேரம் பழுது பார்க்க. மலையில் முதல் எதிரி பூஞ்சணம். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டால் அட்டை சில்லென்று இருக்கும், திறந்தால் தையலோரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் இது வரும். அலமாரியைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளுங்கள். காய்ந்த பொடியை முகக்கவசம் அணிந்து, வெளித்திண்ணையில், மென்தூரிகையால் தையலிலிருந்து விளிம்புப் பக்கமாகத் தட்ட வேண்டும். ஈரமாகப் பிசுபிசுத்தால் தொடாதீர்கள், தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். ஏடுகளுக்கிடையே மையொற்றுத் தாள் வைத்து மின்விசிறியில் காயவிட்டுப் பிறகு தட்டுங்கள். வெயிலில் போட்டால் தாள் நொறுங்கும், மை வெளுக்கும்.

கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. சில ஆண்டில் மஞ்சளாகிப் பசை எழுத்துக்குள் ஊறும். மைதாப் பசையை இராமபாணப் பூச்சி தேடி வரும். சி.எம்.சி. (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ்) என்ற பசைத் தூள் மூன்று கிராமை நூறு மில்லி தண்ணீரில் இரவு ஊறவைத்து, அந்தப் பசையால் மெல்லிய டிஷ்யூத் தாளைக் கிழிசல்மேல் ஒட்டுங்கள். அந்தத் தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தெடுத்தால் ஓரத்து நார் நன்றாகப் பிடிக்கும்.

சான்றிதழில் மணி நேரமும் பதிந்த நூல்களும் ஒட்டிய நூல்களும் எண்ணாகவே இருக்கட்டும். நூலகரும் வட்டத்தின் இப்போதைய தலைவரும் கையொப்பமிட வேண்டும். கடைசி நாள், மாணவர் தன் நாட்குறிப்பை நூலகத்திலேயே விட்டுச் செல்ல வேண்டும். எந்த அலமாரியில் எந்தச் சேர்க்கை எண்ணோடு நிறுத்தினார், எந்த மூலையில் கசிவு, புத்தகப் பெட்டிக்காக எந்த லயத்துப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தால், அடுத்த மே மாதம் வருபவர் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுவார்.