படம் வாசலைத் தாண்டும் முன்

ஒரு படத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டதும் எனக்கு அதைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்காது. அடுத்த கேன்வாஸில் கை வைக்கத்தான் தோன்றும். பல வருடம் அப்படியே ஓட்டினேன். அதன் பலன், என் முதல் நூறு படங்களில் முக்கால்வாசி இன்று யார் வீட்டில் தொங்குகின்றன, என்ன அளவு என்று எனக்கே தெரியாது. பழைய படங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கலாமா என்று யாராவது கேட்டால் தலையைச் சொறிகிறேன்.

ஓவியத்தையே தொழிலாக வைத்துக்கொண்டவர்கள் யோசனை கேட்டு வந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு நாளைப் பற்றி. படம் முடிந்து, காய்ந்து, இன்னும் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கும் நாள். அன்று தூரிகையைத் தொடாதீர்கள்.

முதல் வேலை எண் போடுவது. 2024-017 என்றால் அந்த வருடத்தின் பதினேழாவது படம், அவ்வளவுதான். பின்பக்கம் மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். துணியில் மார்க்கரால் எழுதினால் மை மெல்ல ஊறி முன்பக்கம் வரலாம். அதே எண்ணை ஒரு நோட்டில் ஏற்றி, தலைப்பு, அளவு, என்ன வண்ணம், வார்னிஷ் பூசியதா இல்லையா என்று எழுதிவிடுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் அப்புறம். மாற்றி எழுதினால் நிமிர்ந்து நிற்கும் படத்தைப் படுத்துக் கிடக்கும் படம் என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் அச்சடித்துவிடுவார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

அடுத்தது புகைப்படம். இதில் அவசரமே கூடாது, ஏனென்றால் படம் போன பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது இது ஒன்றுதான். சுவரில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, படத்துக்கு 45 டிகிரி சாய்வில். நேராக அடித்தால் வண்ணத்தின் மேல் பளபளப்பு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். விளக்கு இல்லையா, மேகம் மூடிய நாளில் வெளியே நிழலில் வைத்து எடுங்கள். வெயிலை விட அது எவ்வளவோ மேல். கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வித்தை உண்டு. தட்டையான சிறு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படத்தின் நடுவில் ஒட்டினாற்போல் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, கேமரா வழியாகப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் சரி, இல்லையென்றால் நகர்த்துங்கள். இதைக் கற்றுக்கொள்ளும் வரை நான் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் கூரை சாய்ந்த வீடு மாதிரி கோணலாக இருந்தன.

கோப்பைப் பெரிதாகவே சேமியுங்கள். ஏ4 தாளில் தரமாக அச்சிட, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். மின்னஞ்சலுக்குச் சுருக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன்.

விலையை அளவை வைத்துக் கணக்கிடுங்கள். உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, உங்களுக்கென ஒரு தொகையால் பெருக்கினால் போதும். அன்றைய மனநிலைக்கு ஏற்ப விலை சொன்னால் ஒரே அளவுள்ள இரண்டு படங்களை வாங்கிய இருவர் என்றாவது ஒருநாள் பேசிக்கொள்வார்கள். இன்னொன்று: கேலரிகள் விற்ற விலையில் பாதி வரைகூட எடுத்துக்கொள்வது சகஜம். அதற்காக வீட்டுக்கு வருபவருக்குப் பாதி விலையில் கொடுக்காதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே விலை இருக்கட்டும். இல்லையென்றால் அந்தக் கேலரி உங்கள் படத்தை மறுபடி தொடாது, அது நியாயமும்கூட.

சரி, காகிதம். ஒரு கேலரிக்கு மூன்று படம் கொடுத்தேன். சிரித்துப் பேசினார்கள், டீ கொடுத்தார்கள், நானும் ரசீது கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து இடத்தைக் காலி செய்தபோது என் படங்களில் இரண்டுதான் இருக்கின்றன என்றார்கள். மூன்று கொடுத்தேன் என்று எதைக் காட்டுவது? இப்போது ஒரு பக்கத் தாள் இல்லாமல் படம் நகராது. எந்தெந்த எண், என்ன விலை, கமிஷன் எவ்வளவு, விற்றால் எத்தனை நாளில் பணம், எந்தத் தேதிக்குள் திரும்பும், சேதமானால் யார் பொறுப்பு, விற்கும் வரை படம் யாருடையது. அடியில் இரண்டு கையெழுத்து. கேட்டால் முகம் சுளிப்பவர்களிடம் படத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

விற்பனை ரசீதிலும் ஒரு வரி சேர்க்கிறேன்: “படம் மட்டுமே விற்கப்படுகிறது, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்.” பெரும்பாலான நாடுகளில் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் உரிமை பெறப் பதிவு செய்ய வேண்டியதுகூட இல்லை. ஆனால் வாங்கியவருக்கு அது தெரியாது. சுவரில் மாட்டியிருப்பதை நாட்காட்டியில் அச்சடித்தால் என்ன தப்பு என்று அப்பாவியாகக் கேட்பார். அந்த ஒரு வரி இருந்தால் சண்டை இல்லாமல் பேசலாம்.

சொல்லி வரையச் சொல்பவர்களிடம் பாதிப் பணம் முன்பணம், பென்சில் கோட்டில் இரண்டு முறை திருத்தம். வண்ணம் ஏறிய பிறகு மூக்கை மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம்.

கடைசியாகப் பொதி கட்டுவது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். இது தெரியாமல் ஒருமுறை குமிழ் பிளாஸ்டிக்கை நேராக மேலே சுற்றி அனுப்பினேன். வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறது. வாங்கியவர் பிரித்தபோது நீல வானம் முழுக்க அம்மை போட்டது மாதிரி வட்ட வட்டத் தடம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நான்கு மூலையிலும் தடித்த அட்டைக் காப்பு போட்டு, படத்தின் முகத்தை எதுவும் தொடாதபடி தூக்கி, அதற்கு மேல் கெட்டி அட்டை வைத்த பிறகுதான் குமிழ் பிளாஸ்டிக். குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். டேப்பின் நுனியை மட்டும் கொஞ்சம் மடித்து விடுங்கள், பிரிப்பவர் கத்தி தேடாமல் கையாலேயே இழுத்துவிடுவார்.