பொங்கல் வாழ்த்து அட்டை: வரைபவர் சறுக்கும் இடங்கள்

பொங்கல் அட்டையில் முதலில் காட்டிக்கொடுப்பது மாடு. கண்ணில் பட்ட ஏதோ ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால், முதுகு பலகைபோல் நேராக ஓடும் சீமை மாடுதான் வந்து நிற்கும். காங்கேயம் காளைக்குத் தோளுக்கு மேல் திமில் எழும்பியிருக்கும், கழுத்துக்குக் கீழே அலைதாடி என்னும் தோல் மடிப்பு தொங்கும். இவை இரண்டும் இல்லாமல் கொம்புக்கு எத்தனை வண்ணம் பூசினாலும் அது நம்மூர் மாடாகாது.

கரும்பை மூங்கில்போலப் பச்சையாக வரைவது அடுத்தது. பொங்கலுக்கு வாங்குவது கருஞ்சிவப்பான செங்கரும்பு. அடிப்பக்கம் கணுக்கள் நெருங்கியிருக்கும். ஒவ்வொரு கணுவுக்கும் கீழே வெள்ளையாகச் சாம்பல் பூத்த ஒரு வளையம் தெரியும். அந்த ஒரு வளையத்தைத் தீட்டினால் போதும், பார்ப்பவருக்கு நாக்கில் நீர் ஊறும். பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தும் நெற்கதிர் அல்ல. இலை சின்ன வாழைக்கன்றின் இலைபோல அகன்றது, அடியில் கிழங்கு உண்டு.

வெளிச்சத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சூரியன் பானைக்குப் பின்னால் உதிக்கிறது, ஆனால் பானையின் முகம் பளபளக்கிறது. சூரியனை ஓரமாகத் தள்ளுங்கள். இல்லையென்றால் பானையை இருட்டாக்கி, அடுப்புத் தீயின் செம்மையை அடிவயிற்றில் மட்டும் விடுங்கள். பொங்கி வழியும் நுரையின் விளிம்பில் பின்வெளிச்சம் பட்டால் படமே எழுந்துவிடும். தரையில் இருக்கும் வட்டக் கோலத்தை முழு வட்டமாக வரைந்தால் அது சுவரில் ஒட்டியதுபோல் நிற்கும். நீள்வட்டமாக அமுக்க வேண்டும்.

பழைய காலண்டர் படங்களைச் சுருக்கி அட்டையில் வைப்பவர்கள் இரண்டு விதத்தில் மாட்டுகிறார்கள். கோவில்பட்டியின் காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் நாடகத் திரைச்சீலை வரைந்து பழகிய கை. சிவகாசியில் அச்சாகிப் பரவிய அவர்களுடைய படங்கள் சுவரில் தொங்குவதற்கானவை. அந்த நகையும் சரிகையும் 5 அங்குலத்துக்குச் சுருங்கினால் சேறாகக் கலங்கிவிடும். அட்டைக்கு உருவம் ஒன்றோ இரண்டோ போதும், நகையில் மூன்று கோடு போதும். இன்னொன்று உரிமை. இந்தியாவில் ஓவியர் மறைந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1976இல் மறைந்தவர் தாமே வரைந்தவை 2036 முடியும்வரை பொதுச்சொத்து ஆகா. உரிமை வாரிசிடமா அச்சகத்திடமா என்பது வேறு கேள்வி.

அச்சகத்துக்குப் போகும் ஃபைலுக்கு வருவோம். 5×7 அங்குல அட்டையை விரித்தால் 10×7. இடப்பக்கம் மடியும் அட்டைக்கு, வெளிப்புறத் தாளின் வலப்பாதிதான் முகப்பு. இதை மாற்றி வைத்து, படம் பின்னட்டைக்குப் போன கதை ஆண்டுதோறும் நடக்கிறது. வெற்றுத்தாளை மடித்து நான்கு பக்கத்திலும் எண் போட்டுப் பார்த்துவிட்டு லேஅவுட்டைத் தொடங்குங்கள். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் உபரிப் படம்) விடுங்கள், எழுத்தும் முகமும் வெட்டு விளிம்பிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறம் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மைகள்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு). திரையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் இளம்பச்சையும் ஆஃப்செட் அச்சில் மங்கும் என்பதால் வரையும்போதே சிஎம்ஒய்கேயில் வரையுங்கள். முடிந்தபின் மாற்றினால் சூரியன் செங்கல் நிறத்தில் வரும்.

தமிழ் எழுத்து தனித் தலைவலி. தமிழ் வடிவமைப்பு வசதி அணைந்திருக்கும் மென்பொருளில் 'பொங்கல்' என்று அடித்தால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய்விடும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிக்கான தெரிவை முதலில் போடுங்கள்; அனுப்பும் முன் எழுத்தைக் கோட்டுருவாக (ஃபாண்ட் தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாமல் மறுபடி உடையும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்கு வண்ண நிழல் விழும். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால் தடித்த ஃபாண்ட் எடுங்கள். மெல்லியதில் புள்ளியை மை தின்றுவிடும், 'க்' 'க' ஆகிவிடும். (வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையில் எந்தக் கட்சியானாலும் சரி, முகப்பில் ஒன்று உள்ளே ஒன்று வேண்டாம்.)

250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போர்டை கிரீசிங் (மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்திப் பள்ளமாக்குவது) போடாமல் மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். தாளின் இழை மடிப்புக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் கிரீசிங் போட்டும் வெடிக்கும். லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும். உள்ளேயும் போட்டால் பேனா மை ஒட்டாது, 'அன்புள்ள அத்தைக்கு' என்று எழுதியது கட்டைவிரலோடு வந்துவிடும்.

கையெழுத்தைப் படத்தின் ஓரத்தில் போடும் பழக்கத்தால் கட்டிங்கில் பாதிப் பெயர் போய்விடுகிறது. 8 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். பின்னட்டையின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, 7 பாயிண்ட் எழுத்தில் உங்கள் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.