பரிசுக்குத் துணி சுற்றும்போது

துணியில் நான் கட்டிய முதல் பரிசு ஒரு தடித்த புத்தகம். பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் சாட்டின் துணியை எடுத்தேன். படியிறங்கி முடிப்பதற்குள் முடிச்சு நழுவி, புத்தகம் என் கால் பெருவிரலில் விழுந்தது. அன்றிலிருந்து பருத்தி மட்டும்தான். புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய மேசை விரிப்பைத் துவைத்து, சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் போதும்.

அளவுக்கு என் கணக்கு: துணியின் மூலைக்கு மூலை நீளம், பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. 50 செ.மீ. சதுரம் புத்தகத்துக்குச் சரி. சட்டைப் பெட்டிக்கு 70 செ.மீ. வேண்டும்.

ஒரு மூலை உங்களைப் பார்த்திருக்கும்படி, நல்ல பக்கம் கீழே இருக்க விரியுங்கள். பெட்டியை நடுவில் குறுக்காக வையுங்கள். உங்கள் பக்க மூலையைப் பெட்டிமேல் போர்த்தி, மிஞ்சும் நுனியை அடியில் செருகுங்கள். எதிர் மூலையை அதன்மேல் கொண்டுவாருங்கள். இடமும் வலமும் மிஞ்சும் இரண்டு முனைகளையும் மேலே முடியுங்கள்.

எல்லாரும் கோட்டைவிடுவது இந்த முடிச்சில்தான். வலது முனையை இடதுமேல் போட்டு ஒரு கட்டு. இப்போது அந்த முனை இடப்பக்கம் வந்திருக்கும். இரண்டாம் கட்டிலும் அதுவேதான் மேலே போக வேண்டும். முடிச்சின் காதுகள் இரு பக்கமும் படுத்திருந்தால் சரி. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நீட்டிக்கொண்டிருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். அது வழியிலேயே தளர்ந்துவிடும். துணியில் பொருள்களைக் கட்டுவதை 'ஃபுரோஷிகி' என்று கலையாகவே வளர்த்த ஜப்பானியர்கள், சரியான முடிச்சுக்கு 'மா முசுபி' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

பாட்டில் என்றால் நடுவில் நிறுத்தி, எதிரெதிர் மூலைகள் இரண்டைக் கழுத்துக்கு மேல் முடிந்துவிட்டு, மற்ற இரண்டையும் உடலைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் கட்டலாம். பந்து போன்ற உருண்டைப் பொருள்களைக் காகிதத்தில் சுற்றி அவதிப்பட்டவர்களுக்குத் துணி ஒரு விடுதலை.

கொடுக்கும்போது அவிழ்க்கும் விதத்தையும் காட்டிவிடுங்கள்: ஒரு காதையும், அதே முனை முடிச்சுக்குள் நுழையும் இடத்தையும் பிடித்து, ஒரே நேர்க்கோட்டில் எதிரெதிராக இழுத்தால் முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும். சொல்லாமல் விட்டால் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு போவார்கள்.