எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலைப் பட்டம்) சேரும் முன்: கல்லூரியைக் களப்பணியை வைத்து எடைபோடுவது எப்படி

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, செவிலியருக்கு நர்சிங் கவுன்சில் இருக்கிறது. சமூகப்பணிக்கென்று அப்படி ஒரு தனி கவுன்சில் இந்தியாவில் இல்லை. மருத்துவமனை சார்ந்த சமூகப்பணியாளர்களை மட்டும் 2021ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்றபடி ஒரு துறையில் எத்தனை ஆசிரியர், மாணவர் எத்தனை மணி நேரம் களத்தில் இருந்தார் என்று நேரில் போய்ப் பார்த்துச் சான்று கொடுக்க ஆள் கிடையாது. கல்லூரிகளை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக் தரும் சான்று கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கிய கல்லூரியிலேயே சமூகப்பணித் துறை இரண்டு ஆசிரியர்களோடு தள்ளாடிக்கொண்டிருக்கலாம். ஆகவே சோதித்துப் பார்க்கும் வேலை விண்ணப்பிக்கிறவர் தலையில்தான் விழுகிறது. அந்தச் சோதனையைக் களப்பணியிலிருந்து, அதாவது படிக்கும்போதே மருத்துவமனை, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் வேலை செய்து கற்கும் பகுதியிலிருந்து, தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்கள்?

இது இரண்டு ஆண்டு, நான்கு பருவப் படிப்பு. முதல் ஆண்டு எல்லோருக்கும் பொது. இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடம் வரும். சமுதாய மேம்பாடு, மருத்துவமும் மனநலமும், குடும்பம் மற்றும் குழந்தை நலம், மனிதவள மேலாண்மை ஆகியவைதான் தமிழ்நாட்டில் வழக்கமாக இருப்பவை. விளம்பரத்தில் நான்கும் இருக்கும். இந்த ஆண்டு உண்மையில் எவை நடக்கின்றன என்று கேட்டால் பல இடங்களில் இரண்டு என்பார்கள். போதிய பேர் சேராவிட்டால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்கள். சென்ற ஆண்டு எந்தெந்தப் பிரிவு நடந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள்.

மனநலப் பக்கம் போக விரும்புகிறவர்கள் ஏமாறுவது ஓரிடத்தில்தான். மருத்துவம்–மனநலம் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.எஸ்.டபிள்யூ. முடித்தாலே ‘சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்’ (மனநலச் சமூகப்பணியாளர்) ஆகிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சமூகப்பணியில் முதுநிலைப் பட்டத்துக்கு மேல், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்லும் வேண்டும் என்கிறது. பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திவந்தது அந்தப் படிப்பைத்தான். மற்றத் துறைகளில் எம்.ஃபில்லைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்தியபோது இதற்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை அவகாசம் தந்தது. அதற்குப் பிறகு என்ன பெயரில், என்ன வடிவில் நடக்கிறது என்பதை நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். எப்படியும் மொத்தம் இரண்டு ஆண்டு இல்லை, நான்கு ஆண்டு என்று வீட்டில் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மனிதவளம் எடுக்கிறவர்களுக்கு வேறொரு கணக்கு. 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். 2020ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியது. ஆனால் அந்தப் பதவிக்கு எந்தப் பட்டம் செல்லும் என்பதை மாநில விதிகள்தான் சொல்கின்றன. நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் பட்டம் அதற்கு ஏற்கப்படுகிறதா என்று துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அரசு வேலைக்கும் இதே எச்சரிக்கைதான். சில கல்லூரிகள் தருவது எம்.எஸ்.டபிள்யூ., சில தருவது எம்.ஏ. சமூகப்பணி. வேலை அறிவிப்பில் பட்டத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் பார்க்கப்படும்.

எங்கெங்கே இருக்கிறது?

இந்தியாவில் இந்தப் படிப்பின் மூத்த நிறுவனம் மும்பை டாடா சமூக அறிவியல் கழகம், 1936இல் தொடங்கியது. சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952இல் வந்தது. சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சியில் பிஷப் ஹீபர், பாரதிதாசன் பல்கலைக்கழகம், மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீளும். பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பெயர் தெரியாத கல்லூரி என்று ஒதுக்கவும் வேண்டாம். மாவட்டத் தலைநகர்க் கல்லூரி ஒன்றில் நல்ல களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தால் அதுவே பெரிய சொத்து.

களப்பணியை எப்படிச் சோதிப்பது?

வழக்கமான அமைப்பு இது: வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் ஏஜென்சி. அதாவது மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், ஆலை என்று எங்காவது ஓரிடம். இரண்டு நாளும் சேர்த்து வாரம் 15 மணி நேரம் என்பது பரவலான அளவு. முதல் பருவத்தில் பல இடங்களைச் சுற்றிப் பார்க்கும் நேரடி வருகைகள், கிராம முகாம் ஒன்று, கடைசியில் ஒரு மாதத் தொடர் பயிற்சி ஆகியவையும் இருக்கும். பெரும்பாலான இடங்களில் களப்பணியில் தவறினால் மற்றப் பாடம் மாதிரி அரியர் எழுதிக் கடக்க முடியாது, அந்தக் களப்பணியையே மறுபடி செய்ய வேண்டும்.

கல்லூரிக்கு நேரில் போங்கள், வேலை நாளில். முதலில் களப்பணிக் கையேட்டைக் கேளுங்கள். அச்சிட்ட கையேடு இல்லாத துறையில் விதிகள் ஆளுக்கு ஆள் மாறும். பிறகு சென்ற ஆண்டின் ஏஜென்சிப் பட்டியல். அதில் 40 மாணவர் பெயரும் ஐந்தே நிறுவனங்களும் இருந்தால், ஒரே இடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து பதிவேடு எழுதியிருப்பார்கள் என்று பொருள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். எட்டு, பத்து என்றால் நல்லது. இருபதைத் தாண்டினால் வாராந்தரத் தனிச் சந்திப்பு பெயருக்குத்தான் நடக்கும். ஏஜென்சியில் மேற்பார்வை செய்கிறவர் சமூகப்பணி படித்தவரா என்பதும் முக்கியம். இல்லையென்றால் உங்களை ஜெராக்ஸ் எடுக்கவும் விழாவுக்குக் கோலம் போடவும் அனுப்புவார்கள்.

இவற்றையெல்லாம் விட ஒன்று போதும் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், ஆசிரியர் திருத்தித் தந்த களப்பணி அறிக்கை நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். உதவி பெற்றவர்களின் பெயரை மறைத்துவிட்டுக் காட்டட்டும். ‘இன்று வார்டுக்குச் சென்றேன், 12 நோயாளிகளிடம் பேசினேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் வெறும் டிக் இருந்தால் அந்தத் துறையை யோசித்துச் சேருங்கள். ‘அந்த அம்மா காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தியது ஏன் என்று கேட்டீர்களா? மருந்து வாங்கப் போகிற நாள் அவருக்குக் கூலி நாளா? வீட்டில் வேறு யார் போகலாம்?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று கேள்வி இருந்தால், அங்கே ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். உங்களைச் சமூகப்பணியாளராக ஆக்குவது அந்தச் சிவப்பு மை.

செலவு

அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே கல்லூரியில் இரண்டும் இருக்கும், விண்ணப்பமும் தனித்தனி. எய்டடு இடத்துக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கட்டண அட்டவணையில் வராத செலவு இன்னும் இருக்கிறது: வாரம் இரண்டு நாள் போக்குவரத்து, கிராம முகாம், கல்விச் சுற்றுலா, ஆய்வேடு அச்சு, கடைசி மாதப் பயிற்சி வெளியூரில் அமைந்தால் தங்குமிடம். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தவறிவிடும். களப்பணி நாளில் மாலை ஆறுக்கு வீடு திரும்பி அறிக்கை எழுத வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. அதிலும் களப்பணி உண்டு, மேற்பார்வையாளர் கையெழுத்து உண்டு. அஞ்சல் வழிதானே என்று களப்பணியைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பட்டம் வாங்காமல் நிற்கிறார்கள்.

விண்ணப்பம்

இரண்டு பாதைகள். மத்தியப் பல்கலைக்கழகங்களும் டாடா கழகமும் முதுநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் பி.ஜி. வழியாகச் சேர்க்கின்றன. சமீப ஆண்டுகளில் விண்ணப்பம் குளிர்காலத்திலும் தேர்வு மார்ச் வாக்கிலும் வருகின்றன. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. இரண்டு தவறு அதிகம் நடக்கிறது. ஒன்று, எந்தத் தாள் எழுத வேண்டும் என்று பார்க்காமல் பதிவு செய்வது. ஒரு நிறுவனம் சமூகப்பணித் தாளைக் கேட்கும், இன்னொன்று பொதுத் தாளைக் கேட்கும். இரண்டு, தேர்வு எழுதினால் இடம் தானாக வரும் என்று காத்திருப்பது. வராது. மதிப்பெண் வந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை விண்ணப்ப காலம். கல்லூரிக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு, குழு விவாதம், நேர்முகம் என்று மாறும். எந்த இளநிலைப் பட்டம் படித்தவரும் சேரலாம். பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலைப் பட்டம்) கட்டாயமில்லை.

சாதிச் சான்றில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்று மத்திய நிறுவனத்தில் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், கிரீமி லேயர் இல்லை என்று சொல்லும் மத்திய வடிவ ஓ.பி.சி. சான்றும் வேண்டும். அது நடப்பு நிதியாண்டின் தேதியில் இருக்க வேண்டும் என்றும் பல நிறுவனங்கள் கேட்கும். ஏப்ரல் பிறந்தவுடன் இ-சேவை மையத்தில் மனுக் கொடுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்தவர்களுக்கு மைக்ரேஷன் சான்றும் தேவைப்படும். அதற்கும் சில வாரம் ஆகும். கடைசிப் பருவ முடிவு வராதவர்கள் ஐந்து பருவ மதிப்பெண் பட்டியலோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் அரியர் இருந்தால் மறைக்காதீர்கள்.

‘ஏன் சமூகப்பணி’ கட்டுரையும் நேர்முகமும்

‘சிறு வயதிலிருந்தே ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு.’ படிக்கிற ஆசிரியர் இந்த வரியை ஒரே நாளில் முப்பது முறை பார்த்திருப்பார். அதை எடுத்துவிட்டு நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: ‘எங்கள் ஊருக்கு வெளியே இரண்டு செங்கல் சூளைகள். சீசன் தொடங்கியதும் குடும்பங்கள் வந்து இறங்கும். பிள்ளைகளின் பெயர் சொந்த ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளைகள் இங்கே கல் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பள்ளிக்கும் நடுவில் இந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பது எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சமுதாய மேம்பாடு படிக்க விரும்புகிறேன்.’ பார்த்தது என்ன, புரியாதது என்ன, இந்தப் படிப்பில் எதைக் கற்க வேண்டும் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. சேவை என்ற சொல்லே வரவில்லை. சொந்த வீட்டுத் துயரத்தை எழுதலாம், ஆனால் நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேள்வி வந்தால் நிதானமாகப் பேச முடிகிற அளவுக்கு மட்டும்.

நேர்முகத்தில் தான தருமத்துக்கும் சமூகப்பணிக்கும் என்ன வித்தியாசம், உங்கள் மாவட்டத்தின் முக்கியப் பிரச்சினை எது, அதற்கு என்ன அரசுத் திட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் என்ன ஆகும் என்ற வகையில் கேட்பார்கள். போவதற்கு முன் ஒரு நாள் உங்கள் ஊர் அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் அங்கே வேலை செய்கிறவரிடம் பேசிவிட்டுப் போங்கள். வழிகாட்டிப் புத்தகம் தராத பதில் அங்கே கிடைக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லலாமா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும் என்பதால் சேர்வதற்குள் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

இடம் கிடைத்த பிறகு

வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதல் பருவத்திலிருந்தே களப்பணி மணிக்கணக்கு, ஏஜென்சி பெயர், மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தை மதிப்பிடும் வெளிநாட்டு அமைப்புகள் பாடத்திட்டத்தோடு களப்பணி விவரத்தையும் கேட்கும்.

ஜூனில் உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டியபின் ஜூலையில் மத்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வருவது அடிக்கடி நடக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கட்டணத்துக்கும் 2018ஆம் ஆண்டு விதி உண்டு. அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும், அதில் செய்யும் பிடித்தம் கட்டணத்தில் 5 சதவீதத்துக்கும் 5,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. அதற்குப் பிறகு கடைசி நாள் வரை 90 சதவீதம், அடுத்த 15 நாளில் 80, அதற்கடுத்த 15 நாளில் 50, பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் செப்டம்பர் இறுதிவரை முழுப் பணமும் தர வேண்டும் என்று தனிச் சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. விலகும் கடிதத்தைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது.